பழைய மடிக்கணினியில் படம் திக்கியபோது

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரைத் தண்டவாளத்துக்கும் இடையே போகும் ஒழுங்கையொன்றில், இரண்டாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசை மீது இருக்கும் அம்மாவின் மடிக்கணினி 2012 ஆம் ஆண்டின் கடைசியில் வாங்கியது. இன்டெலின் மூன்றாம் தலைமுறை கோர் ஐ5-3210எம் சில்லு, 4 ஜிபி நினைவகம், 1366×768 புள்ளிகள் கொண்ட திரை, நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் ஹார்ட் டிஸ்க் என்று அந்நாளில் நடுத்தர விலைக்குக் கிடைத்தவை யாவும் அதில் உண்டு. அம்மா அதில் கடிதம் எழுதுவதுமில்லை, கணக்குப் பார்ப்பதுமில்லை. நல்லூர்த் திருவிழாப் பதிவுகள், ரொறன்ரோவிலிருந்து அக்கா அனுப்பும் பேரப்பிள்ளைகளின் வீடியோக்கள், பழைய வீடியோ நாடாவிலிருந்து மாற்றி எடுத்த அக்காவின் சாமத்தியவீட்டுப் படம் ஆகிய மூன்றுக்காகவே அது அங்கே இருக்கிறது. ஆகவே, "படம் திக்குது தம்பி" என்று அவர் சொன்னால், அந்தக் கணினி தனக்கிருக்கும் ஒரே வேலையையும் செய்யாமல் நிற்கிறது என்றுதான் பொருள்.

ஆலோசனைகளுக்குக் குறைவிருக்கவில்லை. திருத்தக் கொடுத்த கடையில் மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் "மதபோட் வீக் அண்ணா, இதுக்குக் காசு செலவழிக்கிறது வீண்" என்றார்கள். அத்தான் தொலைபேசியில் "புதுசா ஒண்டு வாங்கி அனுப்பட்டோ?" என்று கேட்டார். கீழ்வீட்டுப் பிள்ளை இணைய இணைப்பை மாற்றச் சொன்னான். மூன்றும் காசு செலவாகும் யோசனைகள். மூன்றிலும் ஒருவராவது படம் எப்போது திக்குகிறது என்று கேட்கவில்லை. நான் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினேன். அதற்குப் பிறகு நான்கு மாலைகளில் வேலை முடிந்தது.

முதல் மாலை கணினியைத் தொடவேயில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியுடன் அமர்ந்து, படம் தடுமாறிய ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்தேன். ஒன்றரை மணி நேரத்தில், "திக்குது" என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருப்பது தெரிந்தது. திருவிழாப் பதிவு தொடங்கிய முதல் செக்கனிலிருந்தே படம் சீரில்லாமல் துள்ளியது, ஒலியில் குறையில்லை. ஏழெட்டு நிமிடங்கள் போனபின் அந்தத் துள்ளல் திடீரென்று பல மடங்காகி, படம் ஏறக்குறையப் புகைப்படங்களின் வரிசை போல ஆயிற்று. இவற்றோடு சேராமல், எந்த ஒழுங்குமின்றி, எப்போதாவது ஒன்றிரண்டு செக்கன்கள் எல்லாமே உறைந்து, சுட்டியும் நகராமல் நின்று, பிறகு ஒன்றும் நடவாதது போல ஓடியது. தொடக்கத்திலேயே வருவது, சூடேறியபின் வருவது, நேரம் காலமின்றி வருவது என்று மூன்று தலைப்புகளை எழுதிக்கொண்டேன். பின்னர் கண்டுபிடித்த காரணங்கள் அந்தத் தலைப்புகளிலேயே ஏறக்குறையச் சொல்லப்பட்டிருந்தன.

முதலில் இணையத்தின் மீதுள்ள பழியைத் தீர்த்துவிட வேண்டியிருந்தது. யூடியூப்பில் ஓடும் படத்தின் மீது வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலின் அடியில் 'ஸ்டாட்ஸ் போர் நேர்ட்ஸ்' என்றொரு வரி உண்டு. அதைத் திறந்தால் படத்தின் மூலையில் சிறு எழுத்தில் ஒரு கறுப்புப் பெட்டி வரும். அதில் மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். முன்கூட்டியே இறங்கிச் சேர்ந்திருக்கும் படத்தின் அளவைச் செக்கன்களில் காட்டுவது ஒன்று. காட்டியிருக்க வேண்டிய பிரேம்களில் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வீடியோவாகும் தனிப் படங்களில்) எத்தனை கைவிடப்பட்டன என்பதைக் காட்டுவது ஒன்று. படம் எந்தக் கொடெக்கில், அதாவது எந்தச் சுருக்கும் முறையில், வருகிறது என்று சொல்வது மற்றொன்று. எங்கள் வீட்டில் 40 செக்கன்களுக்கு மேல் படம் எப்போதும் கையிருப்பில் இருந்தது. ஆனால் செக்கனுக்கு 50 பிரேம்கள் கொண்ட அந்தத் தேர்த்திருவிழாப் பதிவில், மூன்று நிமிடங்களுக்கான 9000 பிரேம்களில் 2316 கைவிடப்பட்டிருந்தன. சாமான் வீட்டு வாசலில் குவிந்து கிடக்கிறது, உள்ளே எடுத்து வைக்கத்தான் ஆளில்லை. இணைப்பை மாற்றியிருந்தால் வாசலில் இன்னும் கூடுதலாகக் குவிந்திருக்கும், அவ்வளவுதான். (இணையம் மெதுவாக இருந்தால் பிரேம்கள் கைவிடப்படுவதில்லை, படம் நின்று வட்டம் சுற்றும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பலர் இணைப்புக்கு மேல் இணைப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.)

கொடெக் வரியில் விபி09 என்று தொடங்கும் நீண்ட குறியீடு இருந்தது. இரண்டாம் மாலை முழுவதும் அதற்கே போயிற்று.

வீடியோ என்பது சுருக்கி மடித்து அனுப்பப்படும் பொருள். பார்க்கும் கணினி அதை ஒவ்வொரு பிரேமாக விரித்துத் திரையில் போட வேண்டும். செக்கனுக்கு 50 பிரேம்கள் என்றால், ஒரு பிரேமை விரித்து முடிக்கக் கிடைக்கும் நேரம் 20 மில்லிசெக்கன். இதைச் செய்ய இரண்டு வழிகள் உள்ளன. சில்லுக்குள் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பகுதி இருந்தால், அது அலட்டிக்கொள்ளாமல் விரித்துத் தந்துவிடும். அந்தப் பகுதிக்கு அந்தக் கொடெக் தெரியாவிட்டால், பொது வேலைக்கான கோர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மென்பொருள் மூலம் விரிக்க வேண்டும். அம்மாவின் கணினியிலுள்ள எச்டி 4000 கிராபிக்ஸ் 2012 இல் வந்தது. 2003 இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 அதற்கு நன்றாகத் தெரியும். கூகுள் 2013 இல் கொண்டுவந்த விபி9 அது பிறந்த பின் வந்தது. இன்டெல் சில்லுகளில் விபி9 ஐ முழுமையாக வன்பொருளிலேயே விரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. 2018 இல் வெளியான ஏவி1 க்கோ பதினோராம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யூடியூப் இப்போது பெரும்பாலும் இந்தப் பிந்திய இரண்டிலேயே படத்தை அனுப்ப விரும்புகிறது. குறைந்த அளவில் நல்ல படம் தருவதால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் பழைய கணினிக்கு அது தெரியாத மொழியில் வரும் கடிதம். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டிப் புரட்டி வாசிக்க வேண்டும்.

எனவே கடிதத்தை அதற்குத் தெரிந்த மொழியிலேயே கேட்டு வாங்குவதுதான் வழி. பயர்பொக்ஸ் உலாவியை நிறுவி, 'என்ஹான்ஸ்ட் எச்264இபை' என்ற நீட்சியைச் சேர்த்து, அதில் விபி9, ஏவி1 இரண்டையும் தடுத்தேன். உலாவியால் அவற்றைக் காட்ட முடியாது என்று இந்த நீட்சி யூடியூப்பிடம் சொல்லிவிடும். யூடியூப் மறுபேச்சின்றி எச்.264 இல் அனுப்பும். அவ்வடிவம் யூடியூப்பில் 1080பி (1920×1080 புள்ளிகள்) க்கு மேல் கிடைப்பதில்லை என்பது எங்களுக்கு ஒரு குறையே அல்ல. பயர்பொக்ஸின் 'அபவுட்:சப்போர்ட்' பக்கத்தில் ஊடகம் பற்றிய பகுதியில், எந்தக் கொடெக்குக்கு வன்பொருள் உதவி இருக்கிறது என்று ஓர் அட்டவணை உண்டு, அதில் எச்.264 க்கு மட்டும் ஆம் என்றிருந்ததைப் பார்த்த பின்னரே எனக்கு நிம்மதி வந்தது. இதையே டாஸ்க் மேனேஜரின் ஜிபியு வரைபடத்தில் பார்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் அந்த வரைபடம் தோன்றக் கிராபிக்ஸ் ட்ரைவர் டபிள்யூடிடிஎம் (விண்டோஸின் கிராபிக்ஸ் ட்ரைவர் தரம்) 2.0 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். இந்தக் கணினியின் ட்ரைவர் அதற்கு முந்தியது என்பதால் அப்படியொரு வரைபடமே அங்கு இல்லை. அதைத் தேடி நான் வீணாக்கிய அரை மணி நேரத்தை இன்னொருவர் வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அதே மாலை கண்ணில் பட்ட இன்னொன்று தரத் தெரிவு. போன விடுமுறைக்கு வந்த மருமகன் 1080பி ஐத் தெரிந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். 1080பி படத்தில் ஏறத்தாழ 20 இலட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் இருக்கின்றன. அம்மாவின் திரையிலோ சுமார் 10 இலட்சத்து 49 ஆயிரம் புள்ளிகளே உள்ளன. அதாவது, கணினி மூச்சுத் திணறி விரிக்கும் புள்ளிகளில் பாதியை, விரித்த கையோடு தானே சுருக்கித் தொலைத்துக்கொண்டிருந்தது. 720பி க்கு இறக்கினால் வேலை 1080பி இன் பாதிக்கும் குறைவு. இந்தத் திரையில் வேறுபாடு என் கண்ணுக்கே தெரியவில்லை, அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதே தேர்த்திருவிழாவின் அதே மூன்று நிமிடங்கள், எச்.264, 720பி: 9000 பிரேம்களில் கைவிடப்பட்டவை 11. சில்லின் உழைப்பு 95 வீதத்துக்கு மேலிருந்து 30 வீதத்துக்கு அருகே இறங்கியது.

வென்றுவிட்டோம் என்று நினைத்து வீட்டுக்குப் போனேன். மறுநாள் மாலை அம்மா அழைத்தார்: "முந்தியை விட நல்லம். ஆனா கொடியேத்தம் முடியிற நேரம் திரும்பவும் திக்குது."

இந்த ஒரு வாக்கியம், கடைக்காரர் சொன்ன எல்லாவற்றையும் விடப் பயனுள்ளதாக இருந்தது. கோளாறு போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்னர் எட்டாம் நிமிடத்தில் வந்தது இப்போது நாற்பதாம் நிமிடத்தில் வருகிறது. வேலையைக் குறைத்ததும் கோளாறு வரும் நேரம் தள்ளிப்போகிறது என்றால், எங்கோ ஒன்று மெல்ல மெல்ல நிறைந்துகொண்டிருக்கிறது. மடிக்கணினிக்குள் அப்படி நிறைவது வெப்பம்தான். எச்டபிள்யூ-இன்போ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்து ஓடவிட்டேன். அறையின் வெப்பநிலை 31 பாகை. சும்மா இருக்கும்போதே சில்லு 68 பாகையில் இருந்தது. படம் ஓட ஓட ஏறி 97 பாகையைத் தொட்டதும், 'தெர்மல் த்ரொட்லிங்' என்ற வரியில் சிவப்பில் 'யெஸ்' என்று வந்தது. அதே கணம் டாஸ்க் மேனேஜரில் சில்லின் வேகம் 2.0 கிகாஹேர்ட்ஸிலிருந்து 1.2 க்கு விழுந்தது. சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. குறைத்த வேகத்தில் படத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கணினியின் இடப்பக்கத் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தேன். விசிறி கத்துகிறது, ஆனால் காற்று வரவில்லை.

மூன்றாம் மாலைக்கு வேண்டிய பொருட்களைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன்: சில்லின் வெப்பத்தைச் செப்புக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு சிறு குழாய், ஐசோபுரொப்பைல் அல்ககோல் ஒரு போத்தல், சிறு திருகாணிகளுக்கான ஸ்குறூ ட்ரைவர்த் தொகுதி. மென்மையான வர்ணத் தூரிகையும் சாமணமும் வீட்டில் இருந்தன. எல்லாவற்றிலும் முக்கியமான கருவி ஒரு தடித்த அட்டை. கணினியின் அடிப்பக்கத்தை அதில் வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் வரைபடத்தில் அதே இடத்தில் குத்தி வைத்தேன். நீளமான திருகாணியைக் குட்டையானதன் துளையில் முறுக்கினால், அது மேற்பக்கத் தகட்டில் ஒரு கொப்புளத்தை எழுப்பிவிடும். அதற்குப் பின் ஒன்றும் செய்வதற்கில்லை.

மின்னிணைப்பைக் கழற்றி, மின்கலத்தை எடுத்து, மிச்ச மின் போவதற்காகத் தொடக்கப் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். கடலுக்குப் பக்கத்து வீட்டின் கதையைத் திருகாணிகளே சொல்லின. பதின்மூன்றில் நான்கின் தலையில் துரு. ஒன்று அசையவே மறுத்ததால், அல்ககோலில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. விசைப்பலகையைத் தூக்கி அதன் தட்டையான வடத்தை விடுவிக்கும்போது என் அவசரத்தால் ஒரு சேதம் நேர்ந்தது. வடத்தைப் பிடித்திருக்கும் கறுப்பு நெம்புப்பட்டி ஒருபக்கமாகச் சாய்க்கப்பட வேண்டியது. நான் மேலே இழுத்தேன். அது கழன்று தரையில் விழுந்து மறைந்தது. அரிசி மணியின் அகலமும் தீக்குச்சியின் பாதி நீளமுமுள்ள அந்தத் துண்டைத் தேட, கைப்பேசி வெளிச்சத்தைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு அம்மாவும் நானும் மேசைக்கடியில் தவழ்ந்தோம். கண்டுபிடித்தவர் அம்மா. சாமணத்தால் அதன் இரு முனைகளையும் பழைய குழிகளில் பொருத்த இருபது நிமிடம் போயிற்று; உடைந்திருந்தால், அன்றைய கணக்கில் ஒரு புதிய விசைப்பலகைக் கோளாறும் சேர்ந்திருக்கும்.

விசிறியின் மூடியைத் திறந்தபோதுதான் காற்று ஏன் வரவில்லை என்பது புரிந்தது. விசிறிக்கும் அதன் முன்னிருக்கும் செப்புத் தகட்டு அடுக்குக்கும் இடையில், விரலளவு தடிப்பில், சாம்பல் நிறத்தில் ஒரு தூசிப் படலம் நெய்த துணியைப் போல நின்றது. சாமணத்தால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். பிய்ந்து போகாமல் முழுத் துண்டாகவே வந்தது. கடற்காற்றின் ஈரப்பதன், வாகனப் புகை, சாம்பிராணிப் புகை, பதின்மூன்று ஆண்டுத் தூசி எல்லாம் ஒன்றாக இறுகிய கம்பளம். வெளியிலிருந்து காற்றை ஊதிச் சுத்தம் செய்தால் போதும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. இப்படி இறுகிய படலத்தை ஊதினால், அது மீண்டும் விசிறிக்குள்ளேதான் போய் விழும். தகட்டு அடுக்கைத் தூரிகையால் நுனி முதல் அடிவரை துலக்கினேன். விசிறியின் இதழ்களைத் துடைக்கும்போது அது சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டேன். அச்சு உலர்ந்து கரகரத்ததால், மையத்தின் ஒட்டுத்தாளை உரித்து, அம்மாவின் தையல் இயந்திர எண்ணெயில் ஒரேயொரு சொட்டு விட்டேன். இரண்டாவது சொட்டு விட்டால் அது வெளியே தெறித்து அடுத்த தூசிக்குப் பசையாகும்.

வெப்பத்தை எடுத்துச் செல்லும் செப்புக் குழாயை அடுத்துக் கழற்றினேன். அதன் நான்கு திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1 முதல் 4 வரை எண்கள் பொறித்திருக்கும். கழற்றுவது 4 இலிருந்து, முறுக்குவது 1 இலிருந்து. ஒன்றை முழுமையாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஒவ்வொன்றையும் அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் குழாய் ஒருபக்கம் சாய்ந்து சில்லின் கண்ணாடி போன்ற வெறும் மேனியின் விளிம்பை நசுக்கிவிடக்கூடும். பழைய பேஸ்ட் சுவரில் உலர்ந்த சுண்ணாம்பு போலப் பொருக்காக உதிர்ந்தது. அல்ககோலில் தோய்த்த பருத்தித் துணியால் சில்லு முகம் பார்க்கும் கண்ணாடி போல ஆகும்வரை துடைத்து, நடுவில் ஒரு சம்பா அரிசி மணியளவு புதிய பேஸ்ட்டை வைத்து மூடினேன். விரலாலோ அட்டையாலோ தடவிப் பரப்பத் தேவையில்லை; முறுக்கும் அழுத்தமே பரப்பிவிடும். வேறு சிறு சில்லுகளின் மீது நுரை போன்ற தெர்மல் பட்டைகள் இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு பேஸ்ட் பூசக்கூடாது. பட்டை நிரப்பும் இடைவெளி மில்லிமீட்டர் கணக்கிலானது. பேஸ்ட்டால் அதை நிரப்ப முடியாது.

மீண்டும் பூட்டி எழுப்பியபோது சும்மா இருக்கையில் 49 பாகை. இரண்டு மணி நேரத் திருவிழாப் பதிவு முழுவதும் ஓடியபோதும் 78 ஐத் தாண்டவில்லை. வேகம் ஒருமுறையும் விழவில்லை. விசிறியின் சத்தம் அடங்கியதால் கடற்கரை ரயிலின் சத்தம் உள்ளே கேட்டது. மேளச் சமா முடிந்து, தேர் இருப்பிடத்துக்கு வந்து, மக்கள் கலைந்து போகும் கடைசிக் காட்சி வரை படம் ஒழுங்காகவே போயிற்று. மின்சேமிப்பு அமைப்பில் சில்லின் உச்ச வேகத்தை யாரோ 80 வீதத்துக்குக் குறைத்து வைத்திருந்ததையும் அன்றே 100 ஆக்கினேன். சூட்டுக்குப் பயந்து செய்தவர் அநேகமாக நானாகவே இருக்கலாம், நினைவில்லை.

நான்காம் மாலை மிச்சங்களுக்கானது. ஒழுங்கின்றி வரும் உறைவுக்குக் காரணம் நினைவகம். உறையும் கணங்களில் ஹார்ட் டிஸ்க் 100 வீதம் வேலை செய்வதை டாஸ்க் மேனேஜர் காட்டியது. 4 ஜிபி நிரம்பி வழிய, விண்டோஸ் எஞ்சியதை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுத்துக்கொண்டிருந்தது. எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகம்) போட்டால் எல்லாம் தீரும் என்பது பொதுவான அறிவுரை. கணினி விரைவாக எழும்புவதற்கு அது நல்ல அறிவுரைதான். ஆனால் படம் ஓடுவதற்கு டிஸ்க்கின் வேகம் ஒரு பொருட்டே அல்ல. அக்கா அனுப்பும் ஆகப் பெரிய கோப்பும் செக்கனுக்கு 7 எம்பி க்கு மேல் கேட்பதில்லை. இந்தப் பழைய டிஸ்க் அதைப் போலப் பல மடங்கு படிக்கும். ஆகவே எஸ்எஸ்டி க்குப் பதிலாக இன்னொரு 4 ஜிபி நினைவகப் பலகையைப் பழையதாக வாங்கிக் காலியாக இருந்த துளையில் போட்டேன். இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. இந்தக் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்கிறது. டிடிஆர்3-1600 இன் ஒரு பலகை செக்கனுக்கு 12.8 ஜிபி கொடுக்கும். இரண்டு பலகைகள் இரட்டை வழியில் சேர்ந்தால் 25.6. உறைவு நின்றது. அதில் எத்தனை பங்கு கொள்ளளவால், எத்தனை பங்கு இரட்டை வழியால் என்று பிரித்துப் பார்க்க அன்று எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

பேரப்பிள்ளைகளின் வீடியோக்கள் மட்டும் பிடிவாதம் பிடித்தன. வாட்ஸ்அப்பில் வருபவை ஒழுங்காக ஓடின. அக்கா கூகுள் ட்ரைவில் போடும் மூலக்கோப்புகள் முதல் செக்கனிலேயே முடங்கின. அக்காவின் ஐபோன் 4கே அளவில், செக்கனுக்கு 60 பிரேம்களாக, எச்இவிசி வடிவில் பதிகிறது; நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 எம்பி. எச்இவிசி யும் 2013 இல் வந்த தரம் என்பதால் இந்தக் கிராபிக்ஸுக்கு அது அந்நியம். போதாக்குறைக்கு ஒரு 4கே பிரேம் என்பது ஒன்பது 720பி பிரேம்கள். எந்தத் தூசியைத் துடைத்தாலும் இது ஓடப்போவதில்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. அக்காவிடம் கமரா அமைப்பில் வடிவத்தை 'மோஸ்ட் கொம்பாட்டிபிள்' என்று மாற்றி, 1080பி 30 இல் எடுக்கச் சொன்னேன். ஏற்கெனவே இருந்தவற்றை ஹான்ட்பிரேக் மென்பொருளில் 'பாஸ்ட் 720பி30' என்ற முன்னமைப்பில் மாற்றினேன். இரண்டு நிமிடத் துண்டு ஒன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பிடித்ததால், இரவில் வரிசையாகப் போட்டுவிட்டுத் தூங்கினேன். புதிய பேஸ்ட்டுக்கும் அது ஒரு நல்ல சோதனையாக அமைந்தது.

கடைசியாக மிஞ்சியது சாமத்தியவீட்டுப் படம். அதில் ஒரு பிரேமும் கைவிடப்படவில்லை, சில்லு 15 வீதத்தைத் தாண்டவில்லை, ஆனாலும் யாராவது நடந்தால் அவருடைய விளிம்பு சீப்பின் பற்களைப் போலக் கோடு கோடாகப் பிரிந்தது. கமரா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தால் படம் வெட்டி வெட்டி நகர்ந்தது. இது கணினியின் கோளாறே அல்ல. இலங்கையின் தொலைக்காட்சி 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தது. அக்காலக் கமராக்களும் நாடாக்களும் அப்படியே. செக்கனுக்கு 25 பிரேம்கள், ஒவ்வொன்றும் ஒற்றைக் கோடுகள் ஒரு முறையும் இரட்டைக் கோடுகள் ஒரு முறையுமாக இரண்டு பாதிகளாய், ஐம்பதில் ஒரு செக்கன் இடைவெளியில் எடுக்கப்பட்டவை. பழைய தொலைக்காட்சிப் பெட்டி அந்தப் பாதிகளை ஒன்றன்பின் ஒன்றாகவே வரைந்தது. கணினியோ இரண்டையும் ஒரே நேரத்தில் ஒட்டிக் காட்டுகிறது. அந்த இடைவெளிக்குள் கை நகர்ந்திருந்தால் சீப்புப் பல் தெரியத்தான் செய்யும். விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில், இந்தப் பாதிகளைப் பிரித்துச் சீராக்கும் டீஇன்டர்லேஸ் வசதியை இயக்கி, முறையை 'யாடிப் 2எக்ஸ்' என்று வைத்தேன். ஒவ்வொரு பாதியும் ஒரு முழுப் பிரேமாக, செக்கனுக்கு 50 ஆக விரிந்தது, பற்கள் மறைந்தன.

வெட்டு மட்டும் இலேசாக மிஞ்சியது. திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது, படமோ 50 பிரேம்கள். ஆகவே ஐந்து பிரேம்களில் ஒன்று இரண்டு தடவை காட்டப்படுகிறது. கூர்ந்து பார்ப்பவருக்கு அது ஒரு நொண்டலாகத் தெரியும். இன்டெலின் கிராபிக்ஸ் அமைப்புப் பக்கத்தில் திரையின் புதுப்பிப்பை 50 ஹேர்ட்ஸாக்கும் தனி அமைப்பை எழுதிப் பார்த்தேன். எல்லாத் திரைகளும் இதற்கு இணங்குவதில்லை, இது இணங்கியது. திருவிழாப் பதிவும் செக்கனுக்கு 50 பிரேம்கள் என்பதால் அதுவும் கூடவே சீராயிற்று.

மண்டப வாசலில் அப்பா பன்னீர்ச் செம்புடன் நின்று, வருவோரை வரவேற்றுக்கொண்டே இடமிருந்து வலம் நடந்து போகும் இடத்தை அம்மா மூன்று தடவை பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். விளிம்பு பிரியவில்லை, நடை நொண்டவில்லை.

"படம் இப்ப வடிவா ஓடுது தம்பி," என்றார். "சத்தம்தான் காணாது."

அது நாடாவிலேயே பதிந்துள்ள குறை. இன்னும் தொடவில்லை.